தோல்வியை ஆய்வுக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்: தாமஸ் ஸ்டார்ஸலின் ஆராய்ச்சி வாழ்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

தாமஸ் ஸ்டார்ஸல் என்று சொன்னால் மருத்துவ உலகில் உடனே வரும் அடைமொழி ‘கல்லீரல் மாற்று சிகிச்சையின் தந்தை’. அதில் பிழை இல்லை. ஆனால், அந்த அடைமொழியோடு நிறுத்திக்கொண்டால் அவர் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார் என்பது தெரியாமல் போய்விடும். உறுப்பை மாற்றிவைக்க வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. வயிற்றுக்குள் ஓடும் ரத்தம் பற்றிய ஒரு கேள்வியோடு தொடங்கினார். மாற்று சிகிச்சை அந்தக் கேள்வியின் கிளையாகப் பிறந்தது. நோயாளி இறந்தால் அந்த மரணத்தின் காரணத்தைத் தேடி மறுபடி விலங்கு ஆய்வுக்கூடத்துக்குப் போவதும், அங்கே கிடைத்த விடையோடு அறுவை அரங்குக்குத் திரும்புவதும் அவருடைய வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன்.

1926இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லெ மார்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1952இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்தோடு நரம்பு உடலியங்கியலில் முனைவர் பட்டமும் பெற்றார். மூளையின் ஆழத்தில் மின்சமிக்ஞைகளைப் பதிவு செய்வதுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி. அளந்து பார்க்காத எதையும் நம்பாத பழக்கம் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவைப் பயிற்சி, அதன்பின் மயாமி.

போர்ட்டல் ரத்தம் என்ற புதிர்

குடல், வயிறு, மண்ணீரல், கணையம் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. ஈரல் சுருக்க நோயில் இந்தப் பாதையில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் சிரைகள் வீங்கி வெடிக்கும். அதைத் தடுக்க, போர்ட்டல் சிரையை, உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்து, ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்வார்கள். அப்படி இணைப்பு செய்யப்பட்ட ஒரு நோயாளியின் நீரிழிவு குறைந்ததை ஸ்டார்ஸல் பயிற்சிக் காலத்தில் கவனித்தார். கணையத்தின் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போவதா, முதலில் உடலுக்குப் போவதா, எது மேல்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

மயாமியில் காலியாகக் கிடந்த ஒரு கார் கொட்டகையில் நாய்களை வைத்துச் சோதித்தார். அவர் எதிர்பார்த்த விடை வரவில்லை. ஆனால், சோதனைக்காக கல்லீரலை முழுவதுமாக அகற்றும் முறையை அவர் கற்றிருந்தார். அகற்ற முடிந்தவருக்கு அதே இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அதே காலத்தில் பாஸ்டனில் அறுவை நிபுணர் ஃபிரான்சிஸ் மூரின் குழுவும் இதே வேலையில் இறங்கியிருந்தது. 1960க்குள் இரு குழுக்களும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களில் கல்லீரலை மாற்றிப் பார்த்திருந்தன. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து எதுவும் தராததால் அறுவையைத் தாங்கிய நாய்களும் சில நாட்களில் நிராகரிப்பால், அதாவது அந்நிய உறுப்பை உடலே தாக்கி அழிப்பதால், இறந்தன.

அந்த நாய்கள் இரண்டு பாடங்களைத் தந்தன. ஒன்று, எடுக்கப்படும் கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரை வழியாகக் குளிர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்திக் குளிர்விக்க வேண்டும். இன்றும் உறுப்பை எடுக்கும்போது பெரும்பாலும் செய்யும் முதல் வேலை இதன் தொடர்ச்சிதான். இரண்டாவது, அறுவையின்போது போர்ட்டல் சிரையையும் கீழ்ப்பெருஞ்சிரையையும் பிடித்து அடைக்கும்போது தேங்கும் ரத்தத்துக்கு மாற்று வழி தராவிட்டால் நாய் பிழைக்காது. எனவே, பிளாஸ்டிக் குழாய் வழியாக அந்த ரத்தத்தை மேற்பகுதிச் சிரைக்குக் கடத்தினார்கள். இந்த இரண்டாவது பாடம் மனிதரில் எப்படித் திரும்பி அடித்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

1963: மருந்தே நோயானபோது

ஸ்டார்ஸல் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், 1962இல் டென்வரில் சிறுநீரக மாற்று சிகிச்சைகளைத் தொடங்கினார். அப்போது இரட்டையர் அல்லாதவருக்கு வைத்த சிறுநீரகம் நிலைப்பது அரிது. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் அசதையோபிரின் மருந்தோடு, நிராகரிப்பு தலைகாட்டும் நேரத்தில் பெரிய அளவில் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும் கொடுத்தார். சிறுநீரகம் மீண்டும் வேலை செய்தது. அதைவிட வியப்பானது, சில மாதங்களுக்குப் பின் அதே நோயாளிக்கு மருந்தின் தேவை குறைந்துகொண்டே வந்தது. நிராகரிப்பைத் திருப்ப முடியும், பிறகு உடல் ஓரளவு இணங்கியும் போகும் என்ற இந்த இரண்டு செய்திகளையும் 1963இல் வெளியிட்டார். மாற்று சிகிச்சைத் துறையையே உறுதியாகக் காலூன்ற வைத்த கட்டுரை அது என்பேன்.

சிறுநீரகம் தந்த துணிச்சலில் கல்லீரலுக்குப் போனார். 1963 மார்ச் 1. நோயாளி பித்தநாளம் இல்லாமல் பிறந்த 3 வயதுக் குழந்தை. ஏற்கெனவே பல அறுவைகள் நடந்திருந்ததால் வயிற்றுக்குள் எல்லாம் ஒட்டிக் கிடந்தது. அந்த ஒட்டுதல்களுக்குள் உயர் அழுத்தச் சிரைகள். உள்ளே நுழையவே பல மணி நேரம் ஆனது. ரத்தம் உறையும் தன்மையை முற்றிலும் இழந்தது. குழந்தை மேசையிலேயே இறந்தது.

குழு எடுத்த முடிவு அன்றைய நிலையில் நியாயமானது: அடுத்த நோயாளி ரத்தக் கசிவால் சாகக் கூடாது. கல்லீரல் இல்லாத இடைவேளையில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் செயல்பாடு கட்டுமீறிப் போவதைப் பார்த்திருந்தார்கள். ஆகவே, அதைத் தடுக்கும் அமினோகாப்ராயிக் அமிலத்தையும் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களையும் தாராளமாகக் கொடுத்தார்கள். அடுத்த நோயாளிகள் அறுவையைத் தாண்டினார்கள். ஆனால், ஒருவரும் 23 நாளைத் தாண்டவில்லை.

பிணப்பரிசோதனையில் தெரிந்ததுதான் இந்த ஆய்வின் மையம். நிராகரிப்பு அவர்களைக் கொல்லவில்லை. நுரையீரல் தமனிகளில் ரத்தக் கட்டிகள் அடைத்திருந்தன. அவை பிறந்த இடம் ரத்தத்தைக் கடத்திய அந்தப் பிளாஸ்டிக் குழாய்களும் அவை செருகப்பட்டிருந்த சிரைகளும். நாயைக் காப்பாற்றிய குழாயும், முதல் குழந்தையின் மரணத்துக்குப் பதிலாகக் கொடுத்த மருந்தும் ஒன்றுசேர்ந்து அடுத்தவர்களைக் கொன்றன. இதில் இன்னொரு கசப்பும் உண்டு. ஈரல் நோயால் நெடுநாள் அவதிப்பட்டவர்களின் உடல் ஏற்கெனவே மாற்றுச் சிரைகளை வளர்த்துக்கொண்டிருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் குழாய் தேவையே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆரோக்கியமான நாயின் வயிறும் நோயுற்ற மனிதரின் வயிறும் ஒன்றல்ல. விலங்கு ஆய்வின் முடிவை மனிதருக்கு எடுத்துவரும் எவரும் இந்த நிகழ்வை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

பாஸ்டனிலும் பாரிஸிலும் தலா ஒரு முயற்சி நடந்தது. அவையும் தோற்றன. 1964 தொடக்கத்தில் உலகில் நடந்திருந்த 7 கல்லீரல் மாற்றுகளில் உயிரோடு இருந்தவர் ஒருவரும் இல்லை. யாரும் தடை விதிக்கவில்லை. ஸ்டார்ஸல் தானாகவே நிறுத்தினார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலான அந்த இடைவெளியில் கல்லீரலைப் பாதுகாக்கும் முறையைச் சீர்படுத்தினார். குதிரைகளின் ரத்தத்திலிருந்து நிராகரிப்பை நடத்தும் நிணநீர்ச் செல்களுக்கு எதிரான குளோபுலின் என்ற புரதத்தைத் தயாரித்து முதலில் சிறுநீரக நோயாளிகளில் சோதித்தார். 1967 ஜூலையில் கல்லீரல் புற்றுநோய் இருந்த ஒன்றரை வயதுச் சிறுமிக்கு மீண்டும் கல்லீரலை மாற்றினார். அவள் 13 மாதங்கள் வாழ்ந்தாள். இறுதியில் பரவிய புற்றுநோய்தான் அவளைக் கொண்டுபோனது.

என் கணிப்பில், அவருடைய வாழ்வில் மிகக் கடினமான முடிவு 1963இல் தொடங்கியது அல்ல, நிறுத்தியதும் இல்லை. 1967இல் மீண்டும் தொடங்கியதுதான். சகாக்களில் பலர் இதை முடிந்த கதை என்று நினைத்த காலம் அது.

அதே நாயின் இரண்டு பக்கங்கள்

மாற்று சிகிச்சையின் புகழுக்குப் பின்னால் மறைந்துபோன வேலை ஒன்று இருக்கிறது. அடிவயிற்று அறுவையில் இருப்பவர்கள்கூட அதை அதிகம் பேசுவதில்லை.

1955இல் ஸ்டூவர்ட் வெல்ச் என்ற அறுவை நிபுணர் நாயின் சொந்தக் கல்லீரலை அப்படியே விட்டுவிட்டு, வயிற்றில் வேறொரு இடத்தில் கூடுதலாக ஒரு கல்லீரலை வைத்தார். அந்தப் புதிய கல்லீரல் வெகு விரைவில் சுருங்கியது. நிராகரிப்பால் என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஸ்டார்ஸலின் குழு 1960களின் நடுவில் வேறு விளக்கத்தை முன்வைத்தது: சொந்தக் கல்லீரலுக்குப் போர்ட்டல் ரத்தம் போகிறது, புதியதற்குப் போகவில்லை, இரண்டும் எதற்கோ போட்டியிடுகின்றன. எதற்கு? ரத்தத்தின் அளவுக்கா, அதில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருளுக்கா?

அதைப் பிரித்தறிய அவர்கள் செய்த சோதனையின் நேர்த்தி இன்றைக்கும் மனத்தைப் பறிக்கிறது. ஒரே நாயின் கல்லீரலில் ஒருபக்க மடல்களுக்குக் கணையம், வயிறு, மண்ணீரல் பகுதிகளின் ரத்தமும் மறுபக்க மடல்களுக்குக் குடலின் ரத்தமும் மட்டும் போகும்படி சிரைகளைப் பிரித்துத் தைத்தார்கள். ஒப்பீட்டுக்கு வேறு விலங்கு வேண்டாம், அதே உடலின் மறுபக்கமே போதும். வயது, உணவு, மயக்க மருந்து எல்லாம் இரு பக்கத்துக்கும் ஒன்றே. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் கணைய ரத்தம் பெற்ற பக்கத்தின் செல்கள் பெருத்துப் பெருகியிருந்தன, சர்க்கரைச் சேமிப்பும் நிறைந்திருந்தது. குடல் ரத்தம் பெற்ற பக்கம், சத்தெல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது என்றாலும், சுருங்கியிருந்தது.

அடுத்த கட்டம் 1970களின் நடுவில். போர்ட்டல் ரத்தம் முழுவதையும் கல்லீரலைத் தாண்டிப் போகவிட்டு, போர்ட்டல் சிரையின் இடக்கிளைக்குள் மட்டும் சிறிய அளவில் இன்சுலினைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். இன்சுலின் பெற்ற பக்கத்தின் செல்கள் தங்கள் அளவைப் பெரிதும் காத்துக்கொண்டன. மறுபக்கம் வாடியது. கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளூக்ககானைத் தனியாகச் செலுத்தியபோது அந்தப் பலன் இல்லை. 1877இல் ரஷ்ய அறுவை நிபுணர் நிக்கொலாய் எக் போர்ட்டல் இணைப்பை விவரித்த நாள் தொட்டு, அந்த அறுவைக்குப் பின் கல்லீரல் ஏன் வாடுகிறது என்று நூறு ஆண்டுகள் நடந்த வாதத்துக்கு இங்கே பெரிய விடை கிடைத்தது. மயாமியின் கார் கொட்டகையில் இன்சுலினைப் பற்றித் தவறிப்போன யூகம், சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் பலித்தது.

பலன்கள் உடனடியானவை. மாற்றிவைக்கும் கல்லீரலுக்குப் போர்ட்டல் ரத்தத்தை இயற்கையான வழியில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதியானது. கல்லீரலின் ஒரு பெரும்பகுதியை வெட்டியெடுத்தாலும் மீதி வளரும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. 1975இல் வலப்பக்கத்தோடு இடப்பக்கத்தின் உட்பகுதியையும் சேர்த்து அகற்றும் பெரிய அறுவையை ஸ்டார்ஸல் விவரித்தார். 1982இல் இடப்பக்கத்துக்கு இணையான அறுவையும் வந்தது. மாற்று சிகிச்சைக்காகக் கல்லீரலின் பின்புறச் சிரைகளைக் கையாளப் பழகிய விரல்கள் இல்லாமல் இந்த வெட்டுகள் சாத்தியமாகியிருக்காது.

இதே சிந்தனையில்தான், பரம்பரையாக ரத்தத்தில் கொழுப்பு மிகுந்த ஒரு குழந்தைக்கு 1973இல் போர்ட்டல் இணைப்பைச் செய்தார். ரத்தக் கொழுப்பு குறைந்தது. 1984 பிப்ரவரியில் அதே நோய் இருந்த 6 வயதுச் சிறுமிக்கு இதயமும் கல்லீரலும் ஒரே நாளில் மாற்றப்பட்டபோது, கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பிகளின் முக்கிய இருப்பிடம் கல்லீரல்தான் என்பதற்கு மனித உடலிலேயே சான்று கிடைத்தது.

மருந்துகள் வந்தன

1963 முதல் 1979 வரை டென்வரில் கல்லீரல் மாற்று பெற்றவர்களில் ஓராண்டு வாழ்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். 1980இல் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் புதிய மருந்தான சைக்ளோஸ்போரின் கைக்கு வந்தது. அதை நோயாளிகளில் முதலில் பயன்படுத்தியவர் கேம்பிரிட்ஜின் அறுவை நிபுணர் ராய் கால்ன். தனி மருந்தாகக் கொடுத்தபோது சிறுநீரகத்தைக் கெடுத்தது, நிணநீர்ப் புற்றும் வந்தது. ஸ்டார்ஸல் 1963இன் பாடத்தையே திரும்ப எடுத்தார்: அளவைக் குறைத்து, பிரட்னிசோனைச் சேர்த்தார். ஓராண்டு உயிர்வாழ்வு சுமார் 70 சதவீதமானது.

1981 தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே முதல் நான்கு கல்லீரல் நோயாளிகளும் இறந்தார்கள். இவ்வளவு அனுபவத்துக்குப் பின்னும்! பணியை நிறுத்தும்படி வந்த அழுத்தத்தை அவர் தாங்கினார். 1983 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, கல்லீரல் மாற்று இனி சோதனை முயற்சி அல்ல என்று அறிவித்தது. அதே காலத்தில் பிட்ஸ்பர்க் குழு, 1963இல் உயிரைக் குடித்த அந்தக் குழாயின் சிக்கலைத் தீர்த்தது. ரத்தத்தை மெதுவாகத் தானே வடிய விடாமல் பம்ப் வைத்து வேகமாகத் தள்ளினால், உறைவுத் தடுப்பு மருந்து இல்லாமலே ரத்தம் கட்டாமல் ஓடும்.

எதிர்ப்பாற்றலை ஒடுக்கும்போது வரும் நிணநீர்க் கட்டிகள், மருந்தைக் குறைத்தாலே கரையக்கூடும் என்பதையும் 1984இல் அவருடைய குழு காட்டியது. இன்று அதுதான் முதல் சிகிச்சைப் படி. எதிர்ப்பாற்றலையும் புற்றையும் இணைத்துப் பார்க்கும் பார்வையை டென்வரில் அறுவை நிபுணர் இஸ்ரேல் பென் 1960களின் இறுதியில் தொடங்கியிருந்தார்.

எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் அடுத்த மருந்து எஃப்.கே.506, இன்றைய டாக்ரோலிமஸ். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1984இல் எடுக்கப்பட்டது. நாய்களில் கடும் நச்சு விளைவுகள் தெரிந்ததால் சிலர் கைவிட்டார்கள். ஸ்டார்ஸலின் குழு குரங்கினங்களிலும் சோதித்து, 1989இல் சைக்ளோஸ்போரின் கைகொடுக்காத கல்லீரல் நோயாளிகளுக்குக் கொடுத்தது. நாயின் பாடத்தை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பதை 1963 அவருக்கு மறக்க முடியாதபடி கற்றுக்கொடுத்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1994இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குடல் மாற்று நடைமுறைக்கு வர இந்த மருந்தே வழி செய்தது. 1992, 1993இல் இரு நோயாளிகளுக்கு பபூன் குரங்கின் கல்லீரல் வைக்கப்பட்டது. முதலாமவர் 70 நாட்கள் வாழ்ந்தார். அந்த வழி அத்தோடு நின்றது.

கேட்கப்பட வேண்டிய கேள்வி

டென்வரின் ஆரம்பச் சிறுநீரகங்களில் சில, சிறைக் கைதிகள் முன்வந்து தந்தவை. தண்டனைக் குறைப்பு எதுவும் கிடைக்காது என்று சொல்லித்தான் பெறப்பட்டன. ஆனாலும், சிறைக்குள் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? ஸ்டார்ஸலே இதன் ஆபத்தை உணர்ந்து அந்த வழியைக் கைவிட்டார். சரியான முடிவு. ஆனால், முதலிலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1963இன் கல்லீரல் நோயாளிகளை இதோடு சேர்த்து எண்ண மாட்டேன். அவர்களுக்கு வேறு சிகிச்சை இல்லை, ஒவ்வொரு மரணமும் விவரமாகப் பதிவாகி வெளியிடப்பட்டது. தோற்ற அறுவைகளை மறைத்திருந்தால் குழாயும் உறைவு மருந்தும் இன்னும் பலரைப் பலி வாங்கியிருக்கும்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த நோயாளிகள்

1991இல் கத்தியைக் கீழே வைத்தார். அறுவைக்கு முன் தன்னைப் பிடித்தாட்டும் அச்சத்தை அவர் எழுத்தில் ஒளித்ததில்லை. ஓய்வுக்குப் பின் செய்த வேலைதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. 1960களில் உறுப்பு பெற்று அப்போதும் உயிரோடு இருந்த நோயாளிகளை அழைத்து, அவர்களின் தோல், நிணநீர்க் கணு, ரத்தம் ஆகியவற்றில் மாதிரி எடுத்துத் தேடினார். உறுப்பு தந்தவரின் செல்கள் சிறிய எண்ணிக்கையில் உடலெங்கும் இருந்தன, ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தும்.

இதற்கான துப்பு டென்வரின் பழைய ஏடுகளிலேயே இருந்தது. 1960களின் தொடக்கத்தில், காசநோய்த் தோல் சோதனையில் எதிர்வினை இல்லாத சிலருக்குச் சிறுநீரகம் வைத்தபின் எதிர்வினை தோன்றியது. உறுப்பு தந்தவர்களுக்கு அந்த எதிர்வினை இருந்தது. உறுப்போடு சேர்ந்து வெள்ளணுக்களும் குடிபெயர்ந்திருக்க வேண்டும் என்று அன்று குறித்துவைத்தார்கள். பொருள் முழுதாக விளங்காதபோதும் எழுதிவைத்ததால்தான் 1992இல் அதைத் திரும்ப எடுத்துப் படிக்க முடிந்தது.

உறுப்பின் செல்களும் உடலின் செல்களும் ஒன்றையொன்று தாக்கி, ஒன்றையொன்று களைத்துப் போகச் செய்வதே இணக்கத்தின் தொடக்கம் என்று ஸ்டார்ஸல் வாதிட்டார். அப்படியானால் முதல் நாட்களில் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுப்பது அந்த இணக்கத்தையே கெடுக்கும். இதன் அடிப்படையில் நீண்ட காலம் நன்றாக இருந்த கல்லீரல் நோயாளிகளில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் மருந்தே இல்லாமல் வாழ்ந்தார்கள். மற்றவர்களில் நிராகரிப்பு தலைகாட்டி மருந்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. யார் எந்தப் பகுதி என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை கிடைக்கவில்லை.

எதிர்வாதமும் வலுவானது: அந்நியச் செல்கள் இருப்பதால் உறுப்பு ஏற்கப்பட்டதா, உறுப்பு ஏற்கப்பட்டதால் செல்கள் பிழைத்திருந்தனவா? 2012இல் ராய் கால்னோடு மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் பரிசைப் பகிர்ந்தபோதும், 2017 மார்ச் 4இல் காலமானபோதும் இந்த வாதம் முடிந்திருக்கவில்லை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஐந்து பேருக்குச் சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் எலும்பு மஜ்ஜையும் கொடுத்தார்கள். நால்வர் பின்னர் மருந்தை முற்றிலும் நிறுத்த முடிந்தது. ஆனால், அவர்கள் ரத்தத்தில் கொடையாளர் செல்கள் சில வாரங்களே கண்ணில் பட்டன, பிறகு மறைந்தன, சிறுநீரகமோ தொடர்ந்து வேலை செய்தது. செல்கள் கலப்பது வேண்டும் என்ற ஸ்டார்ஸலின் பாதி வாதத்துக்கு இது துணை நிற்கிறது. அவை நிலைத்திருக்க வேண்டும் என்ற மறுபாதிக்கு எதிராகப் பேசுகிறது.